பிறப்பிடமும் பதிப்பிடமும்: காரியாபட்டி வட்டாரத்தை முன்வைத்துக் கரிசல் நூல்களின் அறிமுகம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கரிசல் இலக்கியம் என்னும் வகைப்பாடு மண்ணிலிருந்து தானாக முளைத்தது போலவே பெரும்பாலும் பேசப்பட்டு வருகிறது. அவ்வகைப்பாடு நிலைபெற்றதில் சிறு பதிப்பகங்களுக்கு இருந்த பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது. சிவகங்கையிலிருந்து இயங்கிய அன்னம் பதிப்பகத்தின் பணி ஒரு பக்கமும், காரியாபட்டிக்கு அருகிலுள்ள மல்லாங்கிணற்றில் பிறந்து சென்னைப் பதிப்பகங்கள் வழியாக அறியப்பட்ட படைப்பாளர்களின் எழுத்து மறுபக்கமும் வைத்து ஒப்பிடப்படுகின்றன. ஒரு நூல் எங்கே, எவர் கையால், எந்த வரிசையில் வெளிவருகிறது என்பது அந்நூலுக்குக் கிடைக்கும் வாசிப்பைத் தீர்மானிக்கிறது என்பதும், வட்டாரத்தின் புதிய நூல்களைக் கண்டறியும் பொறுப்பு திறனாய்வுக்கும் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: கரிசல் இலக்கியம், சிறு பதிப்பகம், அன்னம், மீரா, மல்லாங்கிணறு, காரியாபட்டி, நூலகம், நூல் அறிமுகம்.

முன்னுரை

தமிழ் நூல் ஒன்றைக் கையில் எடுக்கும் வாசகர் அதில் இரண்டு ஊர்ப் பெயர்களைக் காண்கிறார். ஒன்று, ஆசிரியர் குறிப்பில் வரும் பிறந்த ஊர். மற்றொன்று, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் வரும் பதிப்பகத்தின் ஊர். முதலாவது ஊரைத் திறனாய்வு மிகுந்த ஆர்வத்துடன் எடுத்துக்கொள்கிறது. ஆசிரியரின் மண், மொழி, சாதி, தொழில், தெய்வம் அனைத்தும் அவ்வூரிலிருந்தே விளக்கப்படுகின்றன. இரண்டாவது ஊர் துணைநூற்பட்டியலில் ஒரு சொல்லாக நின்றுவிடுகிறது.

மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையில், தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது காரியாபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகியவற்றோடு சேர்த்து விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு வறள்நிலமாக இதனைக் கருதலாம். கண்மாய்ப் பாசனம், மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் குண்டாறு, மானாவாரி வெள்ளாமை, சீமைக்கருவேலம் வெட்டிக் கரி சுடும் தொழில், அருப்புக்கோட்டையின் நெசவும் நூற்பாலையும் இப்பகுதியின் வாழ்வைச் சுட்டும் சில கூறுகள். திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணரின் பெயர் உலக மொழிகள் பலவற்றில் அச்சேறியுள்ளது. அந்நூல்களின் பதிப்பிடம் திருவண்ணாமலை. மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், தமிழச்சி தங்கபாண்டியன் ஆகியோரின் நூல்களுக்குப் பதிப்பிடம் சென்னை. இவ்வட்டாரம் நூல்களில் பிறப்பிடமாக வருவது இயல்பு. பதிப்பிடமாக வருவது அரிது.

இதே மாவட்டத்தின் சிவகாசி, 1920களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கு ஒட்டுத்தாள் அச்சிடும் தேவையிலிருந்து வளர்ந்து, நாட்காட்டி, நாட்குறிப்பேடு, பள்ளிக் குறிப்பேடு ஆகியவற்றை நாடெங்கும் அனுப்பும் அச்சு நகரமாகியது. ஆகவே அச்சு எந்திரமோ, தாளோ, அச்சுத் தொழில் அறிந்த கைகளோ இங்கே இல்லை என்று கூற முடியாது. அச்சு வேறு, பதிப்பு வேறு என்பதற்குச் சிவகாசியே சான்று. கைப்படியைப் படித்துத் தேர்ந்து, செப்பமிட்டு, ஒரு வரிசையில் நிறுத்தி, வாசகரிடம் கொண்டு சேர்க்கும் செயலே பதிப்பு. அச்செயல் இந்நிலத்தின் எழுத்துக்கு எவ்வாறு வாய்த்தது, எங்கே வாய்க்கவில்லை என்பதே இங்கு எழும் வினா.

பதிப்பாளர் என்னும் முதல் திறனாய்வாளர்

நூல் வரலாற்று ஆய்வில் ராபர்ட் டார்ன்டன் 1982இல் முன்வைத்த தொடர்புச் சுற்று என்னும் கருத்து பயனுள்ளது. ஆசிரியர், பதிப்பாளர், அச்சகத்தார், கொண்டு சேர்ப்போர், விற்பனையாளர், வாசகர் என்று நூல் கடந்து செல்லும் கைகளை அவர் ஒரு சுற்றாகக் காட்டினார். வாசகரின் ஏற்பும் மறுப்பும் மீண்டும் ஆசிரியரைச் சென்றடைவதால் அது சுற்று ஆகிறது. தமிழில் இத்தகைய ஆய்வை ஆ. இரா. வேங்கடாசலபதி வளர்த்தெடுத்தார், நாவலும் வாசிப்பும் என்னும் அவரது நூல் தமிழ் நாவலின் தொடக்கக் கால வாசகரைப் பற்றியது. விடுதலைக்குப் பிந்தைய சிறு நகரப் பதிப்பு முயற்சிகளையும் இவ்வாறு சுற்றாக வைத்துப் பார்க்க இடமுண்டு.

அன்னம் பதிப்பகத்தை இக்கோணத்தில் காணலாம். சிவகங்கை மன்னர் துரைசிங்கம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிஞர் மீரா அதனை நடத்தினார். சிவகங்கை கரிசல் ஊர் அன்று. ஆனால் அதுவும் வானம் பார்த்த பூமி; மாநிலத் தலைநகரிலிருந்து தொலைவில் உள்ளது. அங்கிருந்தே கி. ராஜநாராயணனின் நூல்கள் பல வெளிவந்தன. கோபல்ல கிராமம் 1976இல் சென்னையிலிருந்து இயங்கிய வாசகர் வட்டத்தின் வெளியீடாக வந்தது உண்மை. எனினும் அதன் தொடர்ச்சியாக வந்து 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கோபல்லபுரத்து மக்கள் அன்னம் வெளியீடு. வார இதழில் தொடராக வந்த எழுத்து, இதழோடு மறைந்துபோகாமல் நூலாக நிலைத்ததில் அப்பதிப்பகத்தின் பங்கு பெரிது.

இங்கே எண்ணிக்கையைவிட வரிசை முதன்மையானது. அன்னம் கி.ரா.வின் கதைகளை மட்டும் வெளியிட்டிருந்தால் ஒரு தனி எழுத்தாளருக்குப் பதிப்பாளர் கிடைத்தார் என்பதோடு செய்தி முடிந்திருக்கும். கி.ரா. தொகுத்த கரிசல் கதைகள் என்னும் தொகுப்பு 1980களில் அங்கிருந்து வந்தது. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. இம்மூன்றையும் ஒருங்கே பார்க்கும்போதுதான் பணியின் தன்மை விளங்கும். கதை ஒரு குரலைத் தந்தது. தொகுப்பு, அக்குரல் தனித்ததன்று, ஒரு நிலத்தில் பலர் எழுதுகின்றனர் என்பதைக் காட்டியது. அகராதி, அந்நிலத்துக்கு வெளியே உள்ள வாசகர் அதைப் படிக்க வழி செய்தது. படைப்பு, சூழல், படிக்கும் கருவி ஆகிய மூன்றும் அமைந்த பிறகே கரிசல் இலக்கியம் என்னும் தொடர் பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் இடம்பெறத்தக்க வகைப்பாடாக உறுதிபெற்றது. எது இலக்கியம், எது எதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது என்று தீர்மானிப்பது திறனாய்வின் வேலை என்றால், மீராவும் கி.ரா.வும் அவ்வேலையைக் கட்டுரை எழுதிச் செய்வதற்கு முன்பே பதிப்பு வழியாகச் செய்துவிட்டனர்.

இதற்கு இணையாக இயக்கம் சார்ந்த மற்றொரு வழியும் இருந்தது. மதுரையிலிருந்து 1970 முதல் வெளிவந்த செம்மலர் இதழும், அதே நகரில் 1975இல் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் சிற்றூர்ப் படைப்பாளர்களைத் தேடிச் சென்றன. மேலாண்மறைநாட்டில் சிறு கடை நடத்திய, ஐந்தாம் வகுப்புவரை மட்டுமே படித்த மேலாண்மை பொன்னுச்சாமியின் முதல் கதை 1972இல் செம்மலரில் வந்தது. மின்சாரப்பூ என்னும் தொகுப்புக்காக அவர் 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஊரை விட்டு நீங்காத ஒருவர், கடையைக் கவனித்துக்கொண்டே எழுத்தாளராக அறியப்பட இயன்றது என்றால், அவர் கைப்படி சென்று சேரும் தொலைவில் ஓர் இதழும், அதைப் படித்துப் பார்க்கும் ஓர் ஆசிரியர் குழுவும் இருந்தன என்பது அதற்கு ஒரு காரணம்.

கரிசலின் வரைபடமும் அதன் கிழக்கு விளிம்பும்

வகைப்பாடு உருவாகும்போதே அதற்கு ஒரு மையமும் விளிம்பும் அமைந்துவிடுகின்றன. கரிசல் இலக்கியம் என்றதும் வாசகர் நினைவுக்கு வருபவை இடைசெவல், கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்கள். கி.ரா.வைச் சுற்றியும் கோவில்பட்டியைச் சுற்றியும் இயங்கிய எழுத்தாளர் வட்டம் அவ்வூர்களின் வாழ்வைச் செறிவாக எழுதியது. தொகுப்பும் அகராதியும் அவ்வட்டத்தின் தொடர்புகளிலிருந்தே திரண்டன. இது குறையன்று. எந்தத் தொகுப்பும் தொகுப்பாளரின் கைக்கு எட்டியதையே கொண்டிருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. பதிப்பின் வரைபடத்தைத் திறனாய்வு நிலத்தின் வரைபடமாக எடுத்துக்கொண்டது. கருப்பு மண் காரியாபட்டிப் பக்கத்திலும் உண்டு. ஆனால் அங்குள்ள வாழ்வு இடைசெவலின் மறுபதிப்பு அன்று. மதுரை என்னும் பெருநகரம் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பது அன்றாட வேலை, கல்வி, மருத்துவம், சந்தை அனைத்தையும் வேறு விதமாக அமைக்கிறது. அருப்புக்கோட்டையின் தறியும் ஆலையும், வேளாண்மையை மட்டும் மையமாகக் கொண்ட கரிசல் சித்திரத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. திருச்சுழிக்குக் கிழக்கே நிலம் படிப்படியாக இராமநாதபுரத்துக் கண்மாய் நாடாக மாறுகிறது. மொழியும் உறவுமுறைச் சொற்களும் அதற்கேற்ப மாறுகின்றன. இவ்வேறுபாடுகளைப் பிரித்துக் காட்டும் தொகுப்போ, இப்பக்கத்துச் சொற்களை முதன்மைப்படுத்தும் அகராதியோ கையில் இல்லாத நிலையில், இவ்வட்டாரத்திலிருந்து வரும் எந்தப் புதிய நூலும் கி.ரா. மரபு என்னும் ஏற்கெனவே உள்ள பெயரின் கீழ் வைத்தே படிக்கப்படும். அப்பெயருக்குள் பொருந்தாத பகுதி கவனம் பெறாது போகும்.

நினைவாக வரும் நிலம்

காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த மல்லாங்கிணறு தமிழுக்கு இரண்டு முதன்மையான படைப்பாளர்களைத் தந்துள்ளது. 1966இல் அங்கே பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் நெடுங்குருதி, சஞ்சாரம் ஆகிய நாவல்கள் சென்னையின் உயிர்மை பதிப்பக வெளியீடாக வந்தன. பின்னர் அவரே தேசாந்திரி பதிப்பகத்தைச் சென்னையில் தொடங்கித் தம் நூல்களை வெளியிட்டு வருகிறார். (க்ரியா பதிப்பகத்தை நடத்திய எஸ். ராமகிருஷ்ணன் வேறு ஒருவர். பெயர் ஒற்றுமையால் ஆய்வேடுகளில் குழப்பம் நேராதிருக்க இதனைச் சுட்ட வேண்டியுள்ளது.) தமிழச்சி தங்கபாண்டியனின் வனப்பேச்சி உயிர்மை வெளியீடு.

நெடுங்குருதி வேம்பலை என்னும் ஊரின் கதை. எறும்புகள் ஊரை விட்டு வெளியேறும் காட்சி அதன் தொடக்கத்திலேயே வருகிறது. களவைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட வேம்பர்களின் வாழ்வும், எல்லாப் பக்கங்களிலும் பரவிக் கிடக்கும் வெயிலும் அந்நாவலின் உள்ளடக்கம். வேம்பலை எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். ஆனால் வறள்நிலத்தில் வளர்ந்தவர் அதை அறிவார். கி.ரா.வின் கோபல்ல கிராமமும் நினைவின் நூல்தான். தெற்கே பெயர்ந்து வந்தவர்களின் கூட்டு நினைவை அது கூறுகிறது. எனினும் அங்கே நினைவுகூர்வது ஊர். ஊரில் இருந்துகொண்டே வந்த வழியை அது திரும்பிப் பார்க்கிறது. நெடுங்குருதியில் ஊரே நினைவாகிறது. அது வெளியேறுதலின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. முதல் நூலில் பேச்சுமொழி கதைசொல்லியின் மொழியாகவே இருக்கிறது. இரண்டாவது நூலில் கதைசொல்லி செப்பமான எழுத்துமொழியில் பேச, ஊர்மொழி அதனுள் அங்கங்கே ஒலிக்கிறது.

சஞ்சாரம் கரிசலின் நாகஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பக்கிரி, ரத்தினம் என்னும் இரு கலைஞர்கள் கோயில் திருவிழா ஒன்றில் நேரும் அவமதிப்பின் விளைவாக ஊர் ஊராக அலைய நேர்கிறது. தஞ்சை மண்ணின் நாகஸ்வர மரபுக்குக் கிடைத்த மதிப்பு கரிசல் மண்ணின் கலைஞர்களுக்குக் கிடைக்கவில்லை என்னும் ஆதங்கம் நாவலின் அடியில் ஓடுகிறது. கேட்பதற்கு ஆள் உள்ள இடத்தை நோக்கிக் கலை நகர வேண்டியிருக்கிறது. நகர்ந்த பின் அது எந்த மண்ணின் கலை என்பது மங்குகிறது. நாவல் நாகஸ்வரத்துக்குக் கூறுவது, அந்நாவலைத் தந்த வட்டாரத்தின் எழுத்துக்கும் பொருந்தும்.

வனப்பேச்சியில் இந்த இடைவெளியே கவிதையின் பொருளாகிறது. ஊரின் நாட்டார் உருவம் ஒன்று நகர வாழ்வின் நடுவே அழைக்கப்படுகிறது. அழைப்பவர் இருக்கும் இடமும் அழைக்கப்படுபவள் இருக்கும் இடமும் ஒன்றல்ல என்பதால்தான் அங்கே விளித்தல் தேவைப்படுகிறது. அவரது மற்றொரு தொகுப்பின் பெயரான எஞ்சோட்டுப் பெண் என்பதில் உள்ள சோட்டு, ஒத்த வயதைக் குறிக்கும் வட்டாரச் சொல். சென்னை வாசகர் அட்டையைப் பார்த்துப் பொருள் கேட்கும் சொல்லாகவும், ஊர் வாசகர் அட்டையைப் பார்த்ததும் உறவு கொள்ளும் சொல்லாகவும் அது ஒரே வேளையில் நிற்கிறது.

இவற்றைக் குறைபாடுகளாகக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நினைவின் எழுத்து, தங்கியிருப்பவரின் எழுத்தைவிடத் தாழ்ந்தது என்பதற்கு இலக்கியத்தில் ஆதாரம் இல்லை. மேலும், சென்னைப் பதிப்பகங்களின் வழியாகவே இவ்வட்டாரத்தின் வெயில் தமிழுலகெங்கும் தெரியவந்தது. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு வட்டாரத்திலிருந்து வாசகரை அடையும் நூல்கள் பெரிதும் வெளியேறியவர்களின் நூல்களாக இருக்கும்போது, அவ்வட்டாரம் இலக்கியத்தில் கடந்த காலமாகவே பதிவாகிறது. இன்று தறி ஓட்டுபவர், காலைப் பேருந்தில் மதுரைக்கு வேலைக்குச் செல்பவர், கருவேலம் வெட்டும் உரிமத்துக்கு அலைபவர் ஆகியோரின் நிகழ்காலம் அதில் இடம்பெறுவதற்கு, ஊரில் இருந்து எழுதுபவரின் நூல் வெளிவந்தாக வேண்டும். வெளிவந்தது பிறருக்குத் தெரிந்தாகவும் வேண்டும்.

அருகாமை மட்டும் போதுமா

பதிப்பகம் உள்ளூரில் இருந்தால் போதும் என்னும் முடிவுக்கும் விரைந்து செல்ல இயலாது. எதிர்ச்சான்றுகள் உள்ளன. பூமணியின் அஞ்ஞாடி 2012இல் சென்னையின் க்ரியா வெளியீடாக வந்தது. கழுகுமலையில் 1895இலும் சிவகாசியில் 1899இலும் நடந்த கலவரங்களை உள்ளடக்கிய அப்பெருநாவல் 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சோ. தர்மனின் கூகை 2005இல் நாகர்கோவிலின் காலச்சுவடு வழியாக வந்தது. அவரது சூல் 2016இல் அடையாளம் வெளியீடாக வந்தது. அடையாளத்தின் முகவரி திருச்சி மாவட்டத்தின் புத்தாநத்தம். உருளைக்குடிக் கண்மாயை மையமாகக் கொண்டு ஒரு ஊரின் நீர் அறிவையும் அதன் சிதைவையும் கூறும் அந்நாவல், கரிசலுக்கு வெளியே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வெளிவந்து 2019இல் அதே விருதைப் பெற்றது.

ஆகவே பதிப்பகத்தின் முகவரி தன்னளவில் எதையும் உறுதிசெய்வதில்லை. மேற்கண்ட நூல்களில் பொதுவாக இருப்பவை இரண்டு. ஒன்று, பெரும் கைப்படியைப் பொறுமையுடன் படிக்கவும் ஊர்மொழியை மதிக்கவும் தெரிந்த பதிப்பாசிரியர். மற்றொன்று, அந்நூல் வந்து சேரும்போது அதற்கு முன்பே வாசகரின் நம்பிக்கையைப் பெற்றிருந்த ஒரு வெளியீட்டு வரிசை. அறியப்படாத எழுத்தாளரின் முதல் நூலை வாங்குபவர் உண்மையில் பதிப்பகத்தின் பெயரை நம்பியே வாங்குகிறார். அன்னம் கொடுத்ததும் அந்த நம்பிக்கையையே. இங்கே குறிப்பிட்ட பூமணி, தர்மன் ஆகியோர் அந்நூல்கள் வருவதற்கு முன்பே எழுத்தாளர்களாக நிலைபெற்றவர்கள் என்பதையும் மறக்கலாகாது. முதல் நூலை எழுதுபவர் பதிப்பாசிரியரைத் தேடிச் செல்லும் தொலைவும், நிலைபெற்றவர் செல்லும் தொலைவும் ஒன்றல்ல. அருகாமை பயன்படுவது அந்த முதல் நூலின் வேளையில்தான்.

நூல் ஊருக்கு வரும் வழிகள்

கண்மாய் வெட்டினால் மட்டும் நீர் நிற்பதில்லை; வரத்துக்கால் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதை இப்பகுதியினர் நன்கு அறிவர். நூலுக்கும் அது பொருந்தும். காரியாபட்டி போன்ற பேரூருக்குப் புதிய இலக்கிய நூல் வரும் வழிகள் நான்கு: நூலகம், புத்தகக் கண்காட்சி, அஞ்சல், கைமாற்று.

தமிழகத்தின் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 காசு நூலக வரியாகப் பெறப்பட்டு மாவட்ட நூலக ஆணைக்குழு வழியாகச் செலவிடப்படுகிறது. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று சிற்றூர்வரை நீளும் இவ்வமைப்பு ஒரு பெரும் சாதனை. ஆயினும் நூல்களின் தேர்வு பெரும்பாலும் மாநில அளவில் நடக்கிறது. நூலக ஆணை கிடைத்த நூல் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே சீராகச் செல்கிறது. கிடைக்காத நூல், அதன் கதை நிகழும் ஊரின் நூலகத்திலும் இருக்காது. திருச்சுழியைப் பற்றிய ஒரு கவிதைத் தொகுப்பு நூலக ஆணை பெறாவிட்டால், திருச்சுழி வாசகருக்கும் தருமபுரி வாசகருக்கும் அது ஒரே அளவில் கிடைக்காத நூல்தான். மாநிலச் சமத்துவம் பேணும் இம்முறை, வட்டார உரிமையைக் கருதும் இடத்தை இன்னும் பெறவில்லை.

இரண்டாவது வழி புத்தகக் கண்காட்சி. சென்னையில் 1977இல் தொடங்கிய கண்காட்சி தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுச் சுழற்சியையே அமைத்துவிட்டது. புதிய நூல்கள் சனவரிக்கு முன் அச்சேறுவது அதனால்தான். மதுரையில் 2006 முதல் புத்தகத் திருவிழா நடந்து வருகிறது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்த 2022இல் அரசு எடுத்த முடிவின்படி அவ்வாண்டு நவம்பரில் விருதுநகரிலும் திருவிழா நடந்தது. பள்ளி மாணவர் பெருமளவில் நூலைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இதனால் உருவானது. எனினும் அரங்குக்கு வாடகை செலுத்தி, ஆள் அமர்த்தி, பத்து நாட்கள் தங்கி விற்கும் வலிமை நூற்றுக்கணக்கான தலைப்புகள் கொண்ட பதிப்பகங்களுக்கு உண்டு. ஐந்தாறு நூல்கள் மட்டுமே வெளியிட்ட உள்ளூர் முயற்சி பிறரின் அரங்கில் ஒரு மூலையை நாட வேண்டியுள்ளது. வட்டார வெளியீடுகளுக்கென்று மாவட்டத் திருவிழாவில் வாடகையற்ற ஒரு நிலையான அரங்கு அமைவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று.

மூன்றாவது வழி அஞ்சல். கடை இல்லாத ஊரில் வாழும் வாசகருக்கும் கடையில் இடம் கிடைக்காத பதிப்பகத்துக்கும் நெடுங்காலம் பாலமாக இருந்தது குறைந்த கட்டணத்துப் பதிவு நூல் அஞ்சல். அது 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பகங்கள் கவலை தெரிவித்ததில் வியப்பில்லை. 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்னும் புதிய சேவை வந்துள்ளது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்பது வரி நீங்கலான அதன் கட்டணம். நூறு ரூபாய்க் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு அஞ்சலுக்கே செல்கிறது. பல நூல்களை ஒரே பொதியில் பெறுபவருக்குச் சுமை குறைவு. ஒரே ஒரு புதிய நூலைத் துணிந்து வாங்குபவருக்குச் சுமை மிகுதி. புதிய எழுத்தாளரின் நூல் பெரும்பாலும் அவ்வாறு தனியாகவே வாங்கப்படுகிறது.

நான்காவது வழியான கைமாற்று, ஆய்வில் குறைவாகவே பேசப்படுகிறது. ஆசிரியர் சங்கக் கூட்டம், இலக்கியக் கூட்டம், நூல் வெளியீட்டு விழா, கல்லூரிக் கருத்தரங்கு ஆகிய இடங்களில் ஆசிரியரே தம் பையிலிருந்து நூலை எடுத்துத் தருகிறார். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் நூறு படிகளோடு ஒரு நூல் வெளிவருவது இயல்பாகிவிட்டது. அதனால் பணம் முடங்குவதில்லை. நூல் வெளியிடும் துணிவு பலருக்கு வந்துள்ளது. அதே காரணத்தால் நூல் எளிதில் தடமின்றி மறையவும் செய்கிறது. முன்பு ஆயிரம் படிகளில் சில பழைய புத்தகக் கடைகளிலேனும் எஞ்சின. நூறு படிகள் நண்பர்களின் அலமாரிகளோடு முடிந்துவிடுகின்றன. நூல் வழங்கல் சட்டம் 1954இன்படி கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படி அனுப்புவது பதிப்பாளரின் கடமை. தம் செலவில் ஒரே ஒரு நூலை வெளியிடும் ஆசிரியருக்கு இச்சட்டத்தை எடுத்துரைப்பதும் வட்டார நூலகரும் தமிழ்த் துறைகளும் செய்யக்கூடிய பணி.

ஆய்வுலகின் பங்கு

இச்சுற்றில் பல்கலைக்கழகம் எங்கே நிற்கிறது என்னும் வினா தவிர்க்க இயலாதது. முனைவர் பட்டத் தலைப்புகள் பெரும்பாலும் விருது பெற்ற நூல்களையும் பாடத்திட்டத்தில் உள்ள நூல்களையும் சுற்றியே அமைகின்றன. அதற்குச் சோம்பலைக் காரணமாகக் கூறுவது நியாயமன்று. முதன்மை நூல் கையில் கிடைக்க வேண்டும். முன்னாய்வுகள் இருக்க வேண்டும். நெறியாளரும் தேர்வாளரும் அந்நூலாசிரியரின் பெயரை அறிந்திருக்க வேண்டும். இவை அனைத்தும் ஏற்கெனவே அறியப்பட்ட நூலுக்கே சாதகமானவை. கிடைக்கும் நூல் ஆராயப்படுகிறது. ஆராயப்பட்டதால் மேலும் கிடைக்கிறது. கிடைக்காத நூல் ஆய்வில் இடம்பெறுவதில்லை. இடம்பெறாததால் இல்லாததாகவே கொள்ளப்படுகிறது. கரிசல் என்றால் கோவில்பட்டி என்னும் வரைபடம் இவ்வாறே தலைமுறை கடந்து உறுதிப்படுகிறது.

இதைத் தளர்த்த மூன்று செயல்கள் உடனடியாக இயலும். முதலாவது, திறனாய்வுக் கட்டுரைகளில் பதிப்பிடத்தையும் பதிப்பு வரலாற்றையும் பொருளாக எடுத்துப் பேசுதல். நூல் முதலில் எங்கே வந்தது, எந்த வரிசையில் வந்தது, மறுபதிப்பில் எங்கே பெயர்ந்தது என்பவை விளக்கத்துக்கு உரிய செய்திகள். இரண்டாவது, ஒவ்வொரு வட்டத்திலும் அண்மை ஆண்டுகளில் வெளிவந்த நூல்களுக்கு விளக்க அட்டவணை தயாரித்தல். இளநிலை மாணவர் களப்பணியாகவே இதைச் செய்ய முடியும். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களுக்கான அட்டவணை ஒரு கல்வியாண்டுக்குள் முடியும் வேலை. மூன்றாவது, ஆய்விதழ்கள் முதல் நூல்களுக்கு மதிப்புரைப் பகுதி ஒதுக்குதல். மதிப்புரை ஆய்வுக் கணக்கில் சேராது என்னும் நடைமுறை இருக்கும்வரை இளம் ஆய்வாளர் அதற்கு நேரம் செலவிட மாட்டார். ஆகவே அந்நடைமுறையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உரியது. வட்டார நூல் என்பதற்காகவே ஒரு நூலைப் பாராட்டுவது அந்நூலுக்குச் செய்யும் உதவியாகாது. அன்னத்தின் வலிமை தேர்வில் இருந்தது; தேர்வு என்றால் மறுப்பும் அதில் அடங்கும். உள்ளூர் நூல்களில் பதிப்பாசிரியர் கை படாதவை பல. எழுத்துப் பிழையும் தேவையற்ற நீளமும் அவற்றில் மலிந்துள்ளன. அவற்றைப் படித்து, குறை கூறி, அடுத்த நூல் செம்மையாக வழி செய்யும் வாசகரே அவ்வெழுத்தாளருக்குத் தேவை. வாழ்த்துரை அணிந்துரையிலேயே போதிய அளவு கிடைத்துவிடுகிறது.

முடிவுரை

மீரா 2002இல் மறைந்தார், கி.ரா. 2021இல் மறைந்தார். கதை, தொகுப்பு, அகராதி என்னும் மூன்றையும் இணைத்து ஒரு நிலத்தை இலக்கிய வரைபடத்தில் நிறுத்திய அவர்களின் பணி, ஒரு கல்லூரி ஆசிரியரும் ஒரு விவசாயியும் மாநிலத் தலைநகரிலிருந்து தொலைவில் இருந்துகொண்டே செய்தது. அப்பணி முடிந்துவிட்டதாகக் கருதி அதன் விளைவுகளை மட்டும் ஆராய்வது ஒரு வகை. அது ஒரு பகுதிக்கே செய்யப்பட்டது, எஞ்சிய பகுதிக்கும் செய்யத்தக்கது என்று காண்பது மற்றொரு வகை. காரியாபட்டி வட்டாரத்தின் சொற்களுக்கு ஒரு தொகுதியும், அங்கே தங்கி எழுதுவோரின் கதைகளுக்கு ஒரு தொகுப்பும் வரும்வரை, அவ்வூர் தமிழ் நூல்களில் ஆசிரியர் குறிப்பின் முதல் வரியில் மட்டுமே நிற்கும். மல்லாங்கிணற்றிலிருந்து சென்னைக்குச் சென்று எழுதியவர்கள் அந்நிலத்துக்கு வாசகரைத் தேடித் தந்துள்ளனர். அவ்வாசகர் அடுத்து அங்கிருந்து என்ன வந்துள்ளது என்று கேட்கும்போது எடுத்துக் கொடுக்க நூலும், அந்நூலைப் பற்றிய நேர்மையான ஒரு பக்க மதிப்புரையும் இருக்க வேண்டும்.